பழைய புல்லட்டை இணையத்தில் விற்பது: வேலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

ஐம்பது ஆண்டைக் கடந்த ஒரு மோட்டார் சைக்கிளை வேலூரில் இருந்துகொண்டே இணையத்தின் வழியாக விற்க இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. இலவச விளம்பரத் தளங்கள் ஒன்று; வண்டியைப் பார்த்த கையோடு விலை சொல்லி வாங்கிக்கொள்ளும் நிறுவனங்களின் செயலிகள் இன்னொன்று; பழைய வண்டிப் பிரியர்களின் முகநூல், வாட்ஸ்அப் குழுக்கள் மூன்றாவது; நாள் குறித்து நடத்தப்படும் இணைய ஏலம் நான்காவது. என் தந்தையாரின் 1972ஆம் ஆண்டு புல்லட் 350ஐ விற்பதற்காக இந்த நான்கையும் பயன்படுத்திப் பார்த்தேன். நியாயமான விலை கிடைத்தது விளம்பரத் தளத்தில்தான். அந்த விலை எது என்று எனக்குப் புரியவைத்தவை ஆர்வலர் குழுக்கள். ஏலம் அழகான ஏற்பாடுதான், ஆனால் பழைய மோட்டார் சைக்கிளின் விலையைக் கண்டுபிடிக்கும் வலிமை நம் நாட்டில் அதற்கு இன்னும் வரவில்லை. செயலிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என்றாலும் இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் விற்பனையின் பெரும்பகுதி விளம்பரம் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் காகிதங்கள். பழைய வண்டிக்கு விலை இரும்பில் பாதி, ஆர்சி புத்தகத்தில் பாதி என்று நம் பக்கத்து மெக்கானிக்குகள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் பதிவான வண்டிகளின் எண், இன்றைய டிஎன் 23 வரிசைக்கு முந்தியது. மாநில எழுத்துடன் அலுவலக எண்ணும் சேர்ந்த இப்போதைய முறை, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததை ஒட்டியே நாடு முழுவதும் அமைந்தது. ஆகவே அந்தப் பழைய எண்ணே வண்டியின் வயதுக்குச் சான்று; வாங்க வருபவர்கள் அதற்குத் தனி மதிப்பு கொடுக்கிறார்கள். ஆனால் அதே எண்ணால் ஒரு தொல்லையும் உண்டு. வாங்க நினைப்பவர் எவரும் முதலில் செய்வது அந்த எண்ணை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் தட்டிப் பார்ப்பதுதான். கையால் எழுதிய பேரேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றப்படாத வண்டியாக இருந்தால் ‘விவரம் இல்லை’ என்று வரும். அந்த ஒரு வரியைப் பார்த்தவுடன் பாதிப் பேர் இது திருட்டு வண்டியோ, பழைய இரும்புக்குப் போன வண்டியின் புத்தகமோ என்று ஐயப்பட்டு விலகிவிடுவார்கள். அசல் ஆர்சி புத்தகத்துடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று, பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தருமாறு விண்ணப்பித்து, அது தளத்தில் தெரிகிற வரைக்கும் விளம்பரத்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பதே நல்லது.

தந்தை பெயரில் இருந்த வண்டி என்றால் இன்னொரு படியும் இருக்கிறது. உரிமையாளர் இறந்தபின், வண்டியைத் தம் வசம் வைத்திருக்கும் வாரிசு படிவம் 31இல் விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று மாதக் கெடுவை விதி வைத்திருக்கிறது. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகளின் ஒப்புதலும் கூடவே வேண்டும். நம் ஊர்களில் தந்தை பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் ஓடும் வண்டிகள் ஏராளம். அவற்றை அப்படியே விளம்பரத்தில் போட்டு, ‘பெயர் மாற்றம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுகிறவர்கள், வண்டியின் விலையில் ஒரு பெரும் பங்கைத் தங்கள் கையாலேயே குறைத்துக்கொள்கிறார்கள்.

பதினைந்து ஆண்டு முடிந்தபின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் அறிந்ததே. நம் பேச்சில் இதை ‘எஃப்சி காட்டுவது’ என்கிறோம். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்த்து, எண்களைச் சரிபார்த்து, படிவம் 25இன் பேரில் புதுப்பித்துத் தருகிறார். இருபது ஆண்டைக் கடந்த இருசக்கர வண்டிகளுக்கு இந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் 2,000 ரூபாயாக உயர்த்தியது. இந்தச் செலவை வாங்குபவர் தலையில் கட்டுவதைவிட விற்பவரே முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் ஆய்வாளர் முன் நின்று தேறிய வண்டி என்பதே விளம்பரத்தில் எழுதத் தகுந்த முதல் தகுதி.

ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டி என்றால் ‘விண்டேஜ்’ பதிவு வாங்கலாமே என்று பலர் கேட்டார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டைக் கடந்து, அடிப்படையான மாற்றம் ஏதுமின்றி அசல் வடிவில் காக்கப்படும் இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அந்தத் தகுதி உண்டு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவுள்ள வண்டிகள் தங்கள் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற வரிசை. ஆனால் இப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு அல்லாமல் அன்றாடம் ஓட்டக் கூடாது. வாரம் ஒருநாளாவது ஆரணி சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிற ஒருவருக்கு விற்க நினைத்தால், இந்தப் பதிவை விற்பவர் வாங்காமல் விடுவதே முறை. வாங்குபவர் விரும்பினால் பின்னர் அவரே மாற்றிக்கொள்ளட்டும்.

அடுத்தது படங்கள். கோட்டை அகழியை ஒட்டி வண்டியை நிறுத்திப் படம் எடுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அந்தப் படங்களுக்கு விருப்பக்குறிகள் குவியும், வாங்குபவர் வரமாட்டார். வாங்குபவருக்கு வேண்டியது வெள்ளைச் சுவர், காலை ஒளி, எதையும் மறைக்காத கோணம். இரு பக்கமும் முழுப் படம். இயந்திர எண் தெளிவாகத் தெரியும்படி ஒன்று. சட்டகத்தின் கழுத்தில் பொறித்த சேசிஸ் எண் ஒன்று. துருப்பிடித்த இடம், கீறல், ஒட்டுப்போட்ட இடம் ஒவ்வொன்றும் நெருக்கத்தில். எண்களின் கடைசி இலக்கங்களை மட்டும் விளம்பரத்தில் மறைத்துவிட்டு, நேரில் வருபவருக்கு முழுதாகக் காட்டலாம்.

பழைய வண்ணத்தைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். திருவொற்றியூர் ஆலையில் செய்த புல்லட்டுகளின் பெட்ரோல் டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடு, ஆட்கள் தூரிகையைப் பிடித்துக் கையால் இழுத்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்துத் தொடங்கிய தொழில், 1994இல் ஐஷர் நிறுவனத்தின் கைக்கு மாறி, இன்று உலகெங்கும் வண்டி அனுப்பும் அளவுக்கு வளர்ந்தபின்னும், அந்தக் கோட்டுக்கு ஆர்வலர்கள் கொடுக்கும் மதிப்பு குறையவில்லை. எங்கள் வண்டியின் டேங்கில், முழங்கால் உரசும் இடத்தில் கோடு ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. மேல் பக்கத்தில் மட்டும், தூரிகை எங்கே தொடங்கி எங்கே எடுக்கப்பட்டது என்று விரல் நுனியால் தடவி அறியும்படி தடித்து நின்றது. விற்பதற்கு முன் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று சொன்னவர்கள் பலர். அடிக்கவில்லை. புதுப் பெயின்ட்டுக்குச் செலவிட்ட பணம் திரும்ப வருவதில்லை என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. அடியில் இருப்பது நல்ல தகடா, பள்ளத்தை அடைத்த புட்டிப் பூச்சா என்ற ஐயத்தை அது கூடவே கொண்டுவருகிறது. பளபளப்பாக வண்ணம் பூசப்பட்ட பழைய வண்டியை விவரம் அறிந்தவர்கள் காந்தத்தோடு வந்து பார்க்கிறார்கள். மங்கிய அசல் வண்ணத்தை அவர்கள் கண்ணாலேயே நம்புகிறார்கள்.

படங்களைவிட வலிமையானது, குளிர்ந்த இயந்திரத்தை முதல் முறையாக இயக்கும் காணொளி. சிலிண்டரின் விலாத் தகடுகள் மீது உள்ளங்கையை வைத்துக் காட்டி, அது குளிர்ந்திருக்கிறது என்று முதலில் நிறுவ வேண்டும். பிறகு சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் மூடியில் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்வதும், கிக்கரை மெல்ல அழுத்தும்போது பாயின்ட் (தீப்பொறிக்கான மின்தொடர்பு) திறந்தவுடன் முள் நடுவுக்கு வருவதும், சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷர் நெம்பை இழுத்துப் பிஸ்டனை உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, நெம்பை விட்டுவிட்டு ஒரே மிதியாக மிதிப்பதும் வெட்டாத ஒரே காட்சியாக இருக்க வேண்டும். 70 மில்லிமீட்டர் குறுக்களவும் 90 மில்லிமீட்டர் நீள ஓட்டமும் கொண்ட இந்த 346 சிசி வார்ப்பிரும்பு இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்த அரை நிமிடக் காட்சி சொல்லிவிடும். புகையின் நிறம், டேப்பெட் ஓசை, ஆயில் பம்பு திரும்ப அனுப்பும் எண்ணெய் எல்லாவற்றையும் அறிந்தவர்கள் அதிலேயே படித்துக்கொள்வார்கள். பேச வந்தவர்களில் மெய்யான விருப்பம் உள்ளவர்கள் எல்லோரும் அந்தக் காணொளியைப் பற்றியே கேட்டார்கள். மற்றவர்கள் ‘கடைசி விலை என்ன’ என்று மட்டுமே கேட்டார்கள்.

இனி நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

விலை சொல்லி உடனே வாங்கும் செயலிகளில் எங்கள் வண்டி நுழையவே முடியவில்லை. ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் எங்கள் வண்டி பிறந்த காலத்துக்கு எங்கோ மேலேயே நின்றுவிட்டது. ஓடும் வண்டிகளை வாங்கி, துடைத்து, கடனுக்கு விற்பது அவர்கள் தொழில். கடன் கொடுக்க முடியாத வயதுள்ள வண்டி அவர்களுக்குச் சரக்கே அல்ல. ஐந்து வயது ஸ்கூட்டரை விற்க அவர்களிடம் போகலாம்.

ஆர்வலர் குழுக்கள் வேறு வகை. அங்கே வாங்குபவர் குறைவு, அறிவு மிகுதி. எங்கள் வண்டியின் மட்கார்டு தாங்கி பிற்கால மாதிரியினுடையது என்பதை ஒரு குழுவில் இருந்த அன்பர் படத்தைப் பார்த்தே சொன்னார். சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் சரியான தாங்கி கிடைக்கும் என்றும், ஆனால் மாற்றாமல் அப்படியே குறிப்பிட்டு விற்பதே நல்லது என்றும் அவரே அறிவுரை தந்தார். விலை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்பதும் அங்கேதான் தெளிவானது. முன்பு யார் எந்த நிலையில் இருந்த வண்டியை எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்று அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழுக்களால் இன்னும் பயன் அதிகம். மைசூரில் 1961 முதல் 1996 வரை இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையின் வண்டிகளுக்குப் பெங்களூரிலும் மைசூரிலும் தீராத பிரியர்கள் இருக்கிறார்கள்; ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிறன்று உலக ஜாவா நாள் கொண்டாடுவதால், அதற்கு முந்திய வாரங்களில் விளம்பரம் வைத்தால் பார்வை கூடும். குழுக்களின் குறை ஒன்றே. எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் என்பதால், ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் வண்டிக்கு இன்னொருவர் கூடுதலாகக் கேட்பது நாகரிகமல்ல என்ற தயக்கம் இருக்கிறது. வாங்குபவருக்கு அது நல்லது, விற்பவருக்கு அல்ல.

ஏலத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஏலத்தின் மேல் எனக்கு இருந்த எதிர்பார்ப்பு பெரிது. அமெரிக்காவின் பிரிங் எ டிரெய்லர் தளம் எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எதிர்பார்ப்பு இயல்பாகவே வரும். வண்டியைப் பற்றிய நீண்ட விவரிப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்கவும் விற்பவர் பதில் சொல்லவும் ஓர் இடம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால் ஏலம் மேலும் இரண்டு நிமிடம் நீளும், ஆகவே கடைசி நொடியில் தட்டிப் பறிக்க முடியாது. இங்கிலாந்தின் பான்ஹாம்ஸ் போன்ற நிறுவனங்கள் அரங்கில் நடத்தும் மோட்டார் சைக்கிள் ஏலங்களில், முன்கூட்டியே அச்சிட்ட விவரப் பட்டியலும் எதிர்பார்ப்பு விலையும் உண்டு. இவை எல்லாவற்றிலும் விலையைத் தூக்குவது, ஒரே வண்டியை ஒரே நேரத்தில் விரும்பும் இருவராவது அங்கே கூடியிருப்பதுதான். அந்த இருவர் இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல தளமும் விலையைத் தூக்காது.

நம் நாட்டில் நடக்கும் வண்டி ஏலங்களின் வரலாறு வேறு. கடன் கட்டாமல் நிதி நிறுவனங்கள் பறிமுதல் செய்த வண்டிகள், விபத்துக்குள்ளாகி இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கைக்கொண்ட வண்டிகள், மதுவிலக்கு வழக்குகளில் பிடித்து மாவட்டக் காவல்துறை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி ஏலம் விடும் வண்டிகள் என்று, ‘உள்ளது உள்ளபடி, இருந்த இடத்தில் இருந்தபடி’ தள்ளிவிடுவதற்காகவே அவை வளர்ந்தன. அங்கே டெபாசிட் கட்டிவிட்டு வருபவர் வியாபாரி. அவருக்கு ஒரு வண்டி என்றால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதே கணக்கு. இணையத்துக்கு வந்தபின்னும் அந்த மனப்பாங்கு மாறவில்லை. நான் வண்டியை ஒப்படைத்த ஏல நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை, ஏனென்றால் இந்தக் குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதல்ல என்று நம்புகிறேன்.

அவர்கள் அனுப்பிய ஆய்வாளர் பணிவான இளைஞர்; கையில் இருந்த கைப்பேசியில் வரிசையாகக் கேள்விகளும், அவற்றுக்கு ‘சரி’, ‘பழுது’, ‘மாற்றப்பட்டது’ என்ற மூன்று விடைகளும் மட்டுமே இருந்தன. கியர் நெம்பு வலப்பக்கமும் பிரேக் இடப்பக்கமும் இருப்பதைப் பார்த்தவுடன் ‘மாற்றப்பட்டது’ என்று குறித்துவிட்டார். அந்தக் காலத்துப் புல்லட் ஆலையிலிருந்தே அப்படித்தான் வந்தது என்றும், முதல் கியருக்கு மேலே தூக்கி மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்துவதே அதன் முறை என்றும், நியூட்ரலுக்கென்று தனியாக ஒரு சிறு நெம்பு இருக்கிறது என்றும் சொல்லிக் காட்டினேன். ‘சார், இதுல எழுத இடமே இல்லையே’ என்று வருந்தினார். அவர் தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய பிறகே அந்தக் குறிப்பு நீக்கப்பட்டது. ஆனால் வார்ப்பிரும்பு சிலிண்டர் அசல், எண்கள் ஆர்சியோடு ஒத்திருக்கின்றன, டேங்கின் கோடு கையால் இழுத்தது என்ற, விலையைத் தாங்கி நிற்கும் எந்தச் செய்தியும் அந்த ஆய்வறிக்கையில் இடம்பெறவில்லை. படங்களும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஏற்க மாட்டார்கள். குளிர்ந்த இயந்திரத்தின் காணொளிக்கு அங்கே இடமே இல்லை.

ஏலம் தொடங்கிய அன்றே விலை வேகமாக ஏறி, எங்கள் ரிசர்வ் விலையில், அதாவது அதற்குக் கீழே விற்கமாட்டோம் என்று நாங்கள் வைத்த விலையில், பாதியளவில் நின்றுவிட்டது. வியாபாரிகளின் எல்லை அது. கடைசி நேரத்தில் புதியவர் ஒருவர் நுழைந்து ரிசர்வ் விலையைத் தாண்டிக் கேட்டார். ஏலமும் அவருக்கே முடிந்தது. அவர் பணம் கட்டவில்லை. அவருடைய டெபாசிட் தொகை நிறுவனத்தின் கணக்கில் நின்றதே தவிர, அதில் விற்பவருக்குப் பங்கு எதுவும் இல்லை என்பது விதிமுறைகளின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. மறுபடியும் ஏலம் போடுகிறோம் என்றார்கள், நான் மறுத்துவிட்டேன். ஒருமுறை ஏலம் முடிந்து விற்காமல் திரும்பிய வண்டி என்பது அந்தப் பக்கத்திலேயே பதிவாகிவிடுகிறது. அடுத்த முறை வருபவர் அதைப் பார்த்துவிட்டே விலை சொல்வார். பழைய மோட்டார் சைக்கிளுக்கு ஏலம் நடத்த விரும்பும் நிறுவனம் முதலில் செய்ய வேண்டியது, வண்டி அறிந்த ஒருவரை ஆய்வுக்கு அனுப்புவதும், கேள்வி-பதிலுக்குப் பொது இடம் வைப்பதும், ஏலம் எடுத்துப் பணம் கட்டாதவரின் டெபாசிட்டில் ஒரு பகுதியை விற்பவருக்குத் தருவதும்தான். இந்த மூன்றும் வந்தால் நானே மற்றவர்களை அங்கே அனுப்புவேன். மிக அரிய வண்டி, எடுத்துக்காட்டாகச் சுதந்திரத்துக்கு முந்திய இறக்குமதி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஏலம் இப்போதே பொருந்தலாம், ஏனென்றால் அவற்றைத் தேடுபவர்கள் நாடு முழுவதும் சிதறிக் கிடக்கிறார்கள். புல்லட்டைத் தேடுபவர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்.

அவரைக் கொண்டுவந்தது இலவச விளம்பரத் தளம். அங்கே கூட்டம் பெரிது, அதில் பதர் மிகுதி. ‘இன்னும் இருக்கா’ என்று கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள், வண்டியைப் பார்க்காமலேயே பாதி விலை சொல்லும் புரோக்கர்கள், தங்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கும் கல்லூரி மாணவர்கள் ஆகிய எல்லோருக்கும் பதில் சொல்லப் பொறுமை வேண்டும். 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100ஐ விளம்பரம் செய்தால் இந்தக் கூட்டம் இன்னும் பன்மடங்கு என்று காட்பாடி நண்பர் ஒருவர் சொன்னார். அந்த வண்டிக்கு நம் இளைஞர்களிடம் இருக்கும் மோகத்தைப் பார்த்தால் அதை நம்பலாம்.

இந்தத் தளங்களில் மோசடிக்காரர்கள் வருவது உறுதி. தாம் இராணுவத்தில் இருப்பதாகவும், இடமாற்றம் வந்துவிட்டதால் நேரில் பார்க்க முடியாது என்றும், சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகவும் ஒருவர் சொல்வார். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். பிறகு முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, அதை ஸ்கேன் செய்து யுபிஐ பின் எண்ணைப் போடச் சொல்வார். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண் கேட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்றே பொருள். முன்னாள் படைவீரர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் மாவட்டத்தில், படைவீரர் என்ற சொல்லுக்கு மக்கள் தரும் மரியாதையையே இவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பது மனத்தை உறுத்துகிறது. பணம் போய்விட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இவ்வளவு பதருக்கிடையே வந்தவர், ஆரணியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வண்டியைப் பார்க்க வந்தவர் முதலில் உட்காரவில்லை. குனிந்து, இடப்பக்கத்துச் செயின் கேஸின் அடியில் விரலை ஓட்டி, விரலில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்து பார்த்தார். ‘தம்பி, ஒழுகலைன்னாதான் பயப்படணும். ஒழுகுதுன்னா உள்ள எண்ணெய் இருக்கு’ என்றார். அதற்குப் பிறகே ஆர்சி புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெங்களூரிலிருந்து பேசிய ஒருவர் அவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே விலை சொல்லியிருந்தார். ஆனால் வெளிமாநிலத்துக்குப் போனால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே இருந்தால் அந்த மாநிலத்து எண் போட்டாக வேண்டும். வட ஆற்காட்டு எண் அதோடு போய்விடும். அந்த எண்ணை மதிப்பவர் தமிழ்நாட்டுக்குள்ளேயே வாங்க விரும்புவதும், அதற்கேற்ப விலை தருவதும் இதனால்தான். வெளியூருக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால் காட்பாடி சந்திப்பில் பார்சல் அலுவலகம் இருக்கிறது. டேங்கைப் பெட்ரோல் இல்லாமல் வடித்து, சாக்குச் சுற்றி, ஆர்சி நகலும் அடையாள அட்டை நகலும் கொடுத்துப் பதிவு செய்யலாம்.

பணத்தை வங்கி வழியாகவே பெற்றேன். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, பணத்தைப் பெற்றவர் மீதே அபராதம் விழும். நல்ல நிலையில் உள்ள பழைய வண்டிகளின் விலை இப்போது அந்த எல்லையைத் தொடுகிறது என்பதால் இதை விற்பவர்கள் கவனிக்க வேண்டும்.

விளம்பரத் தளமும் ஏல நிறுவனமும் சொல்லாமல் விடுகிற மிகப் பெரிய செய்தி, பெயர் மாற்றத்தைப் பற்றியது. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் உரசி எடுத்த பிரதியை ஒட்டி, வாங்குபவர் கையில் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள்ளும், வெளிமாநிலத்துக்கு விற்றால் நாற்பத்தைந்து நாளுக்குள்ளும் விற்பவர் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு முப்பது நாள் கெடு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் அளித்த தீர்ப்பு, வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தெளிவாக்கியது. ஆகவே கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைப் புரோக்கரிடம் கொடுப்பது பெரும் ஆபத்து. ஆசிரியரும் நானும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சேர்ந்தே சென்றோம். இன்சூரன்ஸையும் அவர் பெயருக்கு மாற்ற அப்போதே விண்ணப்பித்தோம். பரிவாகன் தளத்தில் அவர் பெயர் வருகிற வரைக்கும் விண்ணப்ப எண்ணையும் ரசீதையும் நான் வைத்துக்கொண்டேன்.

விற்பனை முடிந்தவுடன் விளம்பரத்தை ‘விற்கப்பட்டது’ என்று குறித்து விட்டுவிடாமல் படங்களோடு சேர்த்து நீக்கிவிட வேண்டும். நல்ல படங்களையும், வண்டியின் எண்ணையும் எடுத்து, வேறோர் ஊரில் குறைந்த விலைக்கு அதே வண்டியைப் போலியாக விளம்பரம் செய்து முன்பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தளங்கள் இத்தகைய நகல் படங்களைத் தாமாகவே கண்டறிந்து தடுப்பதில்லை. புகார் கொடுத்தபின் நீக்குகின்றன, அவ்வளவே. ஆர்சி புத்தகத்தின் படத்தை விளம்பரத்தில் போடாமல், நேரில் வருபவருக்கு மட்டும் காட்டுவதற்கும் இதுவே காரணம்.